ஒரு சேதுக் காசின் விலை என்ன?

சித்திரை வருடப்பிறப்பு என்றதும் எம்மவர் பலருக்கு முதலில் ஞாபகம் வருவது மருத்துநீரும் கைவிசேடமும்தான். ஊரிலே விடியப்புறம் தலையில் மருத்துநீர் வைத்துத் தோய்ந்து, புது உடுப்புப் போட்டு, முற்றத்துப் பொங்கல் முடிந்ததும் அப்பு சுபநேரம் பார்த்து எங்களை ஒவ்வொருவராகக் கூப்பிடுவார். வெற்றிலையில் கொஞ்ச நெல்லும் ஒரு காசும் வைத்துக் கையில் தருவார். அது ஐந்து சதமோ ஐம்பது சதமோ, அந்த வருடம் முழுவதும் கையில் காசு புரளும் என்பது நம்பிக்கை.

இங்கே ரெக்ஸ்டேலில், கிப்ளிங் வீதி ஓரத்து மாடிக்கட்டடம் ஒன்றின் பதினொராம் மாடியில், முற்றம் இல்லாத வீட்டிலும் நான் அந்த வழக்கத்தை விடவில்லை. முன்பெல்லாம் கனடாவின் செம்பு நிற ஒரு சதத்தையும் ஒரு டொலர் குத்தியையும் சேர்த்துப் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுப்பேன். 2012 இல் ஒரு சதம் அடிப்பதை நிறுத்தி, 2013 பெப்ரவரி 4 ஆம் திகதியுடன் அதை வங்கிகளுக்கு விநியோகிப்பதையும் நிறுத்திவிட்டார்கள். அதன்பின் டொலர் குத்தி மட்டும்தான்.

இரண்டு வருடங்களுக்கு முன், வருடப்பிறப்பன்று சுவாமித் தட்டில் இருந்த ஒரு பழைய செம்புக்காசை எனது பேரன் கையில் எடுத்தான். பன்னிரண்டு வயது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்பப்பா, இதை வித்தா எவ்வளவு கிடைக்கும்?" என்று கேட்டான்.

கேள்வி எனக்குச் சுருக்கென்று தைத்தது. ஆனால் பிள்ளை கேட்டதில் என்ன பிழை? அதே பன்னிரண்டு வயதில் அதே கேள்வியை நானும் கேட்டவன். கேட்டது மட்டுமல்ல, விற்றும் விட்டவன். அந்தக் கதையையும், அந்தக் கேள்விக்கு விடை தேடிப் போனபோது நான் அறிந்துகொண்டவற்றையும் இந்த மலர் வாயிலாக உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். நான் வரலாற்றுப் பேராசிரியன் அல்லன். இந்த நாட்டில் இருபத்தைந்து வருடம் தொழிற்சாலையில் இரவு வேலை செய்து ஓய்வு பெற்ற ஒருவன். வாசகசாலையும் நேரமும் கிடைத்ததனால் படித்தவன், அவ்வளவுதான்.

கிணற்றடியில் கிடைத்த முட்டி

1963 ஆம் ஆண்டு. நீர்வேலிக்கும் கோப்பாய்க்கும் இடைப்பட்ட எங்கள் தோட்டக் காணியில், பழைய துலாக் கிணற்றைப் பெருப்பிப்பதற்காக அதன் வடக்குப் பக்கத்தை வெட்டினார்கள். ஓராள் உயரத்துக்குச் சற்றுக் குறைவான ஆழத்தில் ஒரு சிறு மண்முட்டி மண்வெட்டியில் பட்டு உடைந்தது. உள்ளே பச்சை பிடித்து ஒன்றோடொன்று ஒட்டிய காசுகள். இரண்டு கை கொள்ளும் அளவு.

பெரியவர்கள் யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. "உது செல்லாக் காசு, தூக்கிப் போடு" என்றார் அப்பு. நானும் என் அண்ணரும் அதைச் சாக்குத் துண்டில் கட்டிக்கொண்டு போய், செம்பு பித்தளை வேலை செய்யும் கன்னார் ஒருவரிடம் நிறுத்து விற்றோம். அவர் கையில் ஏந்திப் பார்த்து, "நல்ல செம்பு தம்பி, உருக்கினா ஒரு செம்புக்குக் காணும்" என்று சொன்னது இன்றைக்கும் காதில் நிற்கிறது. கிடைத்த காசில் யாழ்ப்பாணம் போய் ஒரு படமும் பார்த்து, ஐஸ்கிறீமும் குடித்தோம். பாக்கிச் சில்லறையை அம்மாவிடம் கொடுத்தோம்.

ஒரேயொரு காசை மட்டும் நான் விளையாட்டுக்கு எடுத்து வைத்தேன். அதில் ஒரு மாடு படுத்திருந்தது. அம்மா அதைக் கண்டு, "நந்தியல்லோ கிடக்கு, காலிலை மிதிபடப்படாது" என்று வாங்கிச் சுவாமி அறையில் வைத்துவிட்டா. அதனால்தான் அது தப்பியது.

1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமத்து மக்கள் எல்லாரும் ஒரே இரவில் வெளிக்கிட்டபோது, அம்மா முந்தானையில் முடிந்துகொண்டு வந்தவற்றுள் அதுவும் ஒன்று. சாவகச்சேரி, வன்னி, கொழும்பு என்று அலைந்து 1998 இல் இங்கே வந்து சேர்ந்தபோது, விமான நிலையத்திலிருந்து வரும் வழியில் முடிச்சை அவிழ்த்துக் காட்டினா. காணி உறுதி வரவில்லை, என் பள்ளிக்கூடச் சான்றிதழ்கள் வரவில்லை. இந்தக் காசு வந்தது.

யாருடைய காசு?

காசின் ஒரு பக்கத்தில் நிற்கும் மனித உருவம், பக்கத்தில் குத்துவிளக்கு. மறு பக்கத்தில் படுத்திருக்கும் நந்தி, மேலே பிறை. நந்தியின் கீழே தமிழில் இரண்டே எழுத்து: சேது.

13 ஆம் நூற்றாண்டிலிருந்து 1619 இல் போர்த்துக்கேயர் இராச்சியத்தை முற்றாகக் கைப்பற்றும் வரை யாழ்ப்பாணத்தை ஆண்டவர்கள் ஆரியச்சக்கரவர்த்திகள். சேதுவுக்குக் காவலர் என்று தம்மைச் சொல்லிக்கொண்டவர்கள். சேது என்பது இராமேசுவரத்துப் பக்கம். கொடி நந்திக்கொடி. 1344 இல் இலங்கைக்கு வந்த அரபுப் பயணி இபன் பதூதா, புத்தளத்தில் ஆரியச்சக்கரவர்த்தியைச் சந்தித்ததையும் அங்கே முத்துக்கள் குவிந்து கிடந்ததையும் எழுதி வைத்திருக்கிறார். அந்த அரசர்கள் வெளியிட்ட காசுதான் சேதுக் காசு.

நிற்கும் உருவத்தைப் பொறிக்கும் வழக்கம் அவர்கள் தொடங்கியதல்ல. முதலாம் இராஜராஜ சோழனின் செம்புக்காசில் ஒரு பக்கம் நிற்கும் உருவமும் மறு பக்கம் இருக்கும் உருவமும் உண்டு. சோழர் ஆட்சி 1070 அளவில் பொலநறுவையில் முடிந்த பின்பும் சிங்கள மன்னர்கள் அதே அமைப்பையே வைத்துக்கொண்டு தங்கள் பெயரை மாத்திரம் மாற்றினார்கள். பராக்கிரமபாகுவின் காசும் லீலாவதி அரசியின் காசும் அந்த அச்சின் வழி வந்தவைதான். யாழ்ப்பாண அரசர்கள் நிற்கும் உருவத்தை எடுத்துக்கொண்டு, மறு பக்கத்தில் தங்கள் நந்தியையும் சேது என்ற சொல்லையும் வைத்தார்கள். ஒரு காசு இன்னொரு காசைப் பார்த்து வந்ததனால், அதைப் பார்த்தவுடன் எந்தக் குடும்பத்துப் பிள்ளை என்று சொல்லிவிடலாம்.

இத்தனை சிறப்புள்ள காசுக்கு விலை என்ன? இங்கேதான் எனக்கு முதல் ஏமாற்றம் காத்திருந்தது.

பழசு என்றால் விலையா?

பேரனையும் கூட்டிக்கொண்டு நகரத்தின் மத்தியிலிருந்த ஒரு நாணய வியாபாரியிடம் போனேன். நல்ல மனிதர், வயதானவர். உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்துவிட்டு, "இலங்கை, யாழ்ப்பாணம், சேது" என்று உடனே சொன்னார். ரொறன்ரோவில் ஒரு வெள்ளைக்காரரின் வாயில் சேது என்ற சொல்லைக் கேட்டதில் எனக்கு உடம்பு சிலிர்த்தது. பிறகு விலை சொன்னார். முப்பது டொலர்.

"ஐந்நூறு வருடப் பழசு ஐயா" என்றேன். அவர் சிரித்துக்கொண்டு, ஒரு தட்டை எடுத்து முன்னால் வைத்தார். சின்னச் சின்ன உரோமச் செம்புக்காசுகள். ஆயிரத்து அறுநூறு வருடப் பழசு. ஒவ்வொன்றும் ஒரு நேரச் சாப்பாட்டுக் காசு! இந்த வகைக் காசு எங்களுக்கும் புதிதல்ல. கந்தரோடையில் 1917 ஐ அடுத்த ஆண்டுகளில் போல் பீரிஸ் ஆய்வு செய்தபோது உரோமக் காசுகளும் கிடைத்தன. மாந்தையிலும் கிடைத்திருக்கின்றன. பேரரசு முழுவதும் கோடிக்கணக்கில் அடித்துப் புழங்கியவை. ஆகவே பழமை வேறு, அருமை வேறு என்பது முதற் பாடம்.

அதன்பின் அல்பியன் வாசகசாலையில் மாதக்கணக்காக நாணய நூல்களைப் புரட்டினேன். சேகரிப்பவர்கள் எதற்கு ஆசைப்படுகிறார்கள் என்பதை அறிய, நாங்கள் வாழும் இந்தக் கனடாவின் காசுகளே நல்ல உதாரணம்.

எத்தனை அடித்தார்கள் என்பதல்ல, எத்தனை மிஞ்சியது என்பதுதான் கணக்கு. 1921 இல் கனடாவில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட ஐம்பது சதக் குத்திகளை அடித்தார்கள். அந்தக் காலத்தில் ஐம்பது சதத்துக்குத் தேவை குறைவு. அவை நாணயசாலைப் பெட்டகத்திலேயே கிடந்தன. 1929 இல் மறுபடியும் தேவை வந்தபோது, பழைய ஆண்டுக் காசு புதிதாகப் புழக்கத்துக்கு வந்தால் சனம் கள்ளக் காசென்று சந்தேகிக்கும் என்று எண்ணி, கிடந்தவற்றை உருக்கிவிட்டார்கள். இன்று எஞ்சியிருப்பவை நூறளவில்கூட இல்லை என்பது கணிப்பு. அதனைக் கனடாக் காசுகளின் ராசா என்கிறார்கள். அதே 1921 இன் வெள்ளி ஐந்து சதத்துக்கும் அதே கதிதான். 1922 இல் நிக்கல் ஐந்து சதம் வந்ததால், இருபத்தைந்து லட்சத்துக்கு மேல் அடித்த வெள்ளிக் காசுகளில் ஏறக்குறைய எல்லாமே உருக்கு உலைக்குப் போயின. அதற்கு இளவரசன் என்று பெயர்.

இதை வாசித்தபோது எனக்குக் கன்னாருடைய உலைதான் கண்முன் வந்தது. ராசாவை ராசாவாக்கியது அடித்த அச்சு அல்ல, உருக்கிய உலை.

இதற்கு நேர்மாறானதும் உண்டு. கனடாவின் நூற்றாண்டு விழாவான 1967 இல் அலெக்ஸ் கொல்வில் என்ற ஓவியர் புறா, முயல், ஓநாய், வாத்து என்று அழகழகான உருவங்களை வரைந்து கொடுத்தார். அழகில் அவற்றுக்கு இணையில்லை. ஆனால் எல்லாரும் ஆசைப்பட்டு எடுத்து வைத்ததனால் இன்றைக்கும் வீட்டுக்கு வீடு கிடக்கிறது. அதிலுள்ள வெள்ளிக்குத்தான் மதிப்பு. ஞாபகார்த்தம் என்று பெட்டியில் போட்டு விற்கும் குத்திகளை எம்மவர் பலர் பிள்ளைகளின் எதிர்காலத்துக்கென்று வாங்கி வைக்கிறார்கள். அன்பளிப்பாக வாங்குங்கள், ஆனால் முதலீடு என்று நம்பவேண்டாம். எல்லாரும் பத்திரப்படுத்தும் பொருள் அருமையாவதில்லை.

இந்திய சுதந்திரமும் கனடா டொலரும்

அருமைக்கு அடுத்தது கதை. தொகையில் குறைந்த காசு ஆயிரம் உண்டு. கதையுள்ள காசைத்தான் ஆட்கள் தேடுகிறார்கள்.

1936 ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரே ஆண்டில் பிரித்தானியாவுக்கு மூன்று அரசர்கள். ஜனவரியில் ஐந்தாம் ஜோர்ஜ் காலமானார். எட்டாம் எட்வேர்ட் டிசம்பரில் முடி துறந்தார். ஆறாம் ஜோர்ஜ் வந்தார். அவருடைய தலை பொறித்த அச்சு 1937 தொடக்கத்தில் ஆயத்தமாகவில்லை. காசுக்கோ தட்டுப்பாடு. எனவே 1936 என்ற பழைய அச்சிலேயே ஆண்டின் கீழ் ஒரு சிறு புள்ளியை வைத்து அடித்தார்கள். அந்தப் புள்ளி வைத்த ஒரு சதங்களில் இன்று உலகில் அறியப்பட்டவை மூன்றே மூன்று. 2010 இல் அவற்றுள் ஒன்று ஏலத்தில் நான்கு லட்சம் அமெரிக்க டொலருக்கு மேல் போனது. ஒரு சதம்! "ஒரு சதத்துக்கும் பெறாதவன்" என்று இனி யாரையும் ஏசமுடியாது.

இன்னொன்று எங்கள் பக்கத்தோடு தொடர்புள்ளது. அதுவரை கனடாக் காசில் அரசரின் பெயரோடு, இந்தியாவின் சக்கரவர்த்தி என்ற பட்டமும் இலத்தீன் மொழியில் சுருக்கமாகப் பொறிக்கப்பட்டிருந்தது. 1947 ஓகஸ்ட்டில் இந்தியா சுதந்திரம் பெற்றது. இனி அந்தப் பட்டத்தைப் போடமுடியாது. புதிய அச்சு லண்டனிலிருந்து வரச் சுணங்கியது. 1948 இல் பெரும்பகுதி காலம் 1947 என்ற ஆண்டையே போட்டு, பக்கத்தில் ஒரு சின்ன மேப்பிள் இலையை அடையாளமாக வைத்துச் சமாளித்தார்கள். புதிய அச்சு வந்த பின் 1948 என்று பொறித்து அடித்த வெள்ளி டொலர் வெறும் 18,780 தான். இன்று கனடா டொலர் சேர்ப்பவர்கள் எல்லாரும் தவம் கிடப்பது அந்தக் குத்திக்கு. டில்லியில் கொடி ஏறியதால் ஒட்டாவாவில் ஒரு காசு அருமையானது என்று பேரனுக்குச் சொன்னபோது, அவன் முதன்முறையாகக் காசை விட்டுக் கதையைக் கேட்டான்.

மூன்றாவது, ஆசைப்படும் ஆட்களின் தொகை. புள்ளி வைத்த ஒரு சதத்தை ஆயிரக்கணக்கான கனடாக்காரர் தேடுகிறார்கள். சேதுக் காசைத் தேடுவோர் எத்தனை பேர்? வியாபாரி சொன்ன முப்பது டொலரின் பொருள் அதுதான். சேதுக் காசு ஓரளவு கிடைக்கிறது என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், அதைக் கேட்டு வருபவர் இல்லை. தமிழ்நாட்டில் 1980களின் பின் நிலை மாறியதற்கு உதாரணம் உண்டு. பெருவழுதி என்ற பெயர் பொறித்த சங்ககாலப் பாண்டியர் காசை இரா. கிருஷ்ணமூர்த்தி அடையாளம் கண்டு வெளியிட்டார். கரூர் அமராவதி ஆற்றுப் படுகையில் மாக்கோதை, குட்டுவன் கோதை என்ற பெயர்கள் கொண்ட சேரர் வெள்ளிக்காசுகள் வெளிப்பட்டன. அதுவரை இலக்கியத்தில் மட்டும் இருந்த அரசர்களுக்குக் கையில் தொட்டுப் பார்க்கக்கூடிய சாட்சி வந்தது. அதன்பின் அந்தக் காசுகளுக்கு வந்த மதிப்பு செம்பினதும் வெள்ளியினதும் மதிப்பு அல்ல. பெயருக்கு வந்த மதிப்பு.

அம்மாவின் புளி

நான்காவது, காசின் நிலை. இதில் எங்கள் வீட்டுக் காசு படுதோல்வி அடைந்தது.

வியாபாரி காசைச் சரித்துப் பிடித்து, "இதை யார் மினுக்கியது?" என்று கேட்டார். எனக்கு வாயடைத்துப் போனது. அம்மா ஒவ்வொரு வருடப்பிறப்புக்கும் குத்துவிளக்கு, செம்பு, மூக்குப்பேணியோடு சேர்த்து இந்தக் காசையும் புளியும் சாம்பலும் போட்டு மினுக்குவா. முப்பது நாற்பது வருடமாக! இங்கே வந்த பின்பும் கடையில் வாங்கிய புளியில் மினுக்கினா. 2006 இல் அவ கண்மூடும் வரை அது பொன் போலப் பளபளத்தது.

செம்புக்காசின் மேல் நூற்றாண்டுக் கணக்காகப் படியும் பச்சை அல்லது கருங்களிம்புதான் அதற்குக் கவசம். அது இறுகிப் படிந்திருந்தால் உள்ளே செம்பு மேலும் அரிபடாது. புளியின் அமிலம் அந்தக் கவசத்தைக் கரைக்கிறது. சாம்பல் எழுத்தின் விளிம்பைத் தேய்க்கிறது. சேதுவின் "து" பாதி தேய்ந்துவிட்டது. மினுக்கிய காசை அனுபவமுள்ளவர் கண்டவுடன் அறிவார், விலையும் பாதிக்கு மேல் விழும்.

பேரனுக்கு இது பெரிய அநியாயமாகப் பட்டது. "பூட்டம்மா பழுதாக்கிப் போட்டா" என்றான். நான் அவனிடம் சொன்னேன்: "அவ மினுக்கினபடியால்தான் தம்பி இது இருக்குது. மினுக்காமல் விட்ட மிச்சமெல்லாம் எங்கை? நாங்கள் வித்துத் திண்டிட்டம்." ஆனால் வாசகர்களே, உங்களிடம் பழைய காசு இருந்தால் தயவுசெய்து மினுக்கவேண்டாம். புளி, தேசிக்காய், பற்பசை ஒன்றும் வேண்டாம். மென்மையான துணியிலோ கடதாசி உறையிலோ உலர்ந்த இடத்தில் வைத்தாலே போதும்.

எங்கே எடுத்தது?

விலை பேசி முடிந்து நான் எழும்பும்போது வியாபாரி இன்னொன்று கேட்டார்: "இது எங்கே எடுத்தது என்று தெரியுமா? தனியாகவா, குவியலாகவா?"

நான் கதையைச் சொன்னேன். மண்முட்டி, கிணறு, கன்னார், படம். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "ஒரு காசு முப்பது டொலர். அந்த முட்டி முழுவதும் அப்படியே இருந்திருந்தால் அதற்கு விலையே இல்லை."

அவர் சொன்னதன் அர்த்தம் எனக்குப் பிறகுதான் விளங்கியது. சேதுக் காசு யாழ்ப்பாண அரசருடையது என்று இன்று நாங்கள் நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிறோம். ஆனால் ஒரு காலத்தில் அது அப்படி ஏற்கப்படவில்லை. சேது என்று எழுதியிருக்கிறபடியால் இராமநாதபுரத்துச் சேதுபதிகளின் காசு என்றார்கள். நியாயமான எண்ணம்தான். சுவாமி ஞானப்பிரகாசர் 1920 இல் யாழ்ப்பாண அரசரின் மறக்கப்பட்ட நாணயங்கள் என்று ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை எழுதினார். முதலியார் இராசநாயகமும் 1926 இல் வெளிவந்த தமது பண்டைய யாழ்ப்பாணம் என்ற ஆங்கில நூலில் இதை எடுத்துப் பேசினார். கேகாலைப் பகுதியில் கிடைத்த கொட்டகமக் கல்வெட்டு ஆரியச்சக்கரவர்த்தியின் வெற்றியைப் பாடுவது. அது சேது என்ற சொல்லோடுதான் தொடங்குகிறது. அது ஒரு சான்று. மற்றச் சான்று, இந்தக் காசுகள் ஏராளமாகக் கிடைத்தது யாழ்ப்பாண மண்ணில் என்பது. 1924 இல் இலங்கை நாணயங்கள் பற்றிய பெருநூலை வெளியிட்ட கொட்றிங்டனும் இவற்றை யாழ்ப்பாண ஆரியச்சக்கரவர்த்திகளின் காசுகளாகவே வகைப்படுத்தினார். பிற்காலத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் போன்றோர் இந்த ஆய்வை மேலும் வளர்த்திருக்கிறார்கள்.

கவனியுங்கள். காசில் அரசனின் பெயர் இல்லை, ஆண்டு இல்லை. சேது என்ற இரண்டெழுத்து இரு கரைக்கும் பொது. இது எங்களுடையது என்று வழக்கைத் தீர்க்க உதவியது, அது எந்த மண்ணில் கிடந்தது என்ற ஒரே விபரம். அந்த விபரம் காசில் எழுதப்பட்டிருப்பதில்லை. எடுத்தவனின் வாயில்தான் இருக்கிறது. அவன் சொல்லாமல் செத்தால் அதுவும் செத்தது.

அந்த முட்டியில் எத்தனை காசு இருந்தது? எல்லாம் ஒரே வகையா? ஒரு சோழர் காசோ, போர்த்துக்கேயர் காசோ கலந்திருந்ததா? இருந்திருந்தால் எந்த ஆண்டையொட்டி அதைப் புதைத்தார்கள் என்று சொல்லியிருக்கலாம். 1450 அளவில் சப்புமல் குமாரயா படையெடுத்து வந்தபோது ஓடிய ஒருவன் புதைத்ததா? 1619 இல் ஓடியவனா? தோட்டத்தில் முட்டியைப் புதைத்துவிட்டுப் போன அந்த மனிதன் திரும்பி வரவில்லை. 1995 இல் எங்கள் அம்மா விட்டுவிட்டு வந்த அதே காணியிலிருந்து, இன்னொரு நூற்றாண்டில் அவனும் எதையோ முந்தியில் முடிந்துகொண்டு போயிருப்பான். அவன் யார், எந்தக் காலத்தவன் என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சியை நானும் அண்ணரும் ஒரு படத்துக்கு விற்றோம்.

செய்யக்கூடியது

அண்ணர் இப்போது பிரான்சில். ஒரு ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் இரண்டு மணித்தியாலம் கதைத்தோம். கிணற்றின் எந்தப் பக்கம், பூவரச மரத்திலிருந்து எத்தனை அடி, முட்டியின் நிறம், வாய் மூடியிருந்ததா என்று அவருக்கு ஞாபகமுள்ளதையும் எனக்கு ஞாபகமுள்ளதையும் தனித்தனியாக எழுதி ஒப்பிட்டோம். முட்டியின் வாயை ஓர் ஓட்டுத் துண்டு மூடியிருந்தது என்பதில் இருவரும் ஒத்துப்போனோம். மாதம் பற்றி ஒத்துப்போகவில்லை, இரண்டையும் எழுதினோம். காணியின் படத்தைப் பேரன் வரைந்தான். காசின் இரு பக்கத்தையும் படமெடுத்து, நிறையையும் விட்டத்தையும் அளந்து குறித்தான். அந்தத் தாள்கள் இப்போது காசோடு ஒரே உறையில் இருக்கின்றன.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். இலங்கையின் 1940 ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தின்படி, மண்ணிலிருந்து கிடைக்கும் தொல்பொருள் எடுத்தவனுக்குச் சொந்தமல்ல. அனுமதியின்றி நாட்டுக்கு வெளியே கொண்டுபோகவும் கூடாது. முந்தானையில் முடிந்து உயிர்தப்பி வந்த எழுபது வயது மனுசியிடம் யாரும் அனுமதிப் பத்திரம் கேட்கப்போவதில்லை. ஆனால் அமைதியாக வீட்டில் குந்தியிருக்கும் நான் அதைக் கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும். ஆகவே அடுத்த முறை ஊருக்குப் போகும்போது நாவலர் வீதியிலுள்ள யாழ்ப்பாண அருங்காட்சியகத்தில், அந்தத் தாள்களோடு சேர்த்து இதை ஒப்படைப்பது என்று தீர்மானித்திருக்கிறேன். பேரனையும் கூட்டிப் போவேன். முதலில் அவனுக்கு அது பிடிக்கவில்லை. "எங்களுக்கு ஒண்டும் இல்லையோ?" என்றான். தாளின் அடியில் படம் வரைந்தவன் என்று அவன் பெயரும் இருக்கும் என்றதும் சம்மதித்தான்.

இந்தச் சங்கத்தின் அங்கத்தவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீடுகளிலும் அலுமாரித் தட்டிலோ, அம்மாவின் பழைய கைப்பையிலோ இப்படி ஒன்று கிடக்கக்கூடும். ஒல்லாந்தர் கொழும்பு, காலி, திருகோணமலை, யாழ்ப்பாணம் என்று ஊரின் முதலெழுத்தைப் பொறித்து அடித்த தடித்த செம்புத் துட்டாக இருக்கலாம். 1821 இன் யானை பொறித்த வெள்ளி றிக்ஸ்டொலராக இருக்கலாம். 1870 இல் வந்த பனைமரம் போட்ட சதமாகவோ, எங்கள் சின்ன வயதுச் சதுர ஐந்து சதமாகவோ இருக்கலாம். விலையை நாணய வியாபாரி சொல்வார். ஆனால் யார் தந்தது, எந்த ஊரில், எந்த நிலத்தில், எப்போது என்பதை நீங்கள் மட்டுமே சொல்லலாம். உங்கள் தாய் தகப்பன் உயிரோடு இருக்கும்போதே கேட்டு ஒரு தாளில் எழுதிக் காசோடு வையுங்கள்.

இந்த வருடப்பிறப்பன்றும் பேரன் கைவிசேடத்துக்குக் கை நீட்டுவான். வெற்றிலையில் நெல்லும் ஒரு டொலர் குத்தியும் வைத்துக் கொடுப்பேன். சேதுக் காசு சுவாமித் தட்டில் இந்தமுறை மினுக்காமல் இருக்கும். கொஞ்சம் கொஞ்சமாகக் கறுக்கத் தொடங்கியிருக்கிறது.